பின்வாசல் வண்டி

"கையெழுத்துதானே கேக்கறேன், கிட்னியையா கேக்கறேன்..."

"கிட்னியைக் கேட்டிருந்தா ஒண்ணோட போயிருக்கும்..."

"முழுசா கேளு முதல்ல."

"போன தடவை முழுசாத்தான் கேட்டேன். கேட்டதுக்குத்தான் இத்தனை வருஷம் கட்டினேன்."

"அது வியாபாரம். இது வண்டி. உனக்குன்னு வாங்கற வண்டி."

"எனக்கு ஓட்டத் தெரியாதே."

"நான் ஓட்டறேன். நீ பின்னாடி உக்காரு."

"அப்படிச் சொல்லுங்க. வண்டி உங்களுக்கு, தவணை எனக்கு."

அவள் இன்னும் தோள்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. மூன்று மாடி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் கணவன் ஆரம்பித்துவிட்டான். அந்த வீட்டில் கட்டிலுக்கும் சமையல் மேடைக்கும் நடுவே இரண்டு பேர் நிற்கத்தான் இடம். ஒருவர் கையை வீசிப் பேசினால் மற்றவர் பின்வாங்க வேண்டும். அன்றைக்கு இரண்டு பேரும் பின்வாங்குவதாக இல்லை.

ஸ்கூட்டர் கீழே மாடிப்படிக்கு அடியில் நின்றது. இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. அதைச் சுற்றிக்கொண்டுதான் அவள் படியேற வேண்டியிருந்தது. தரைத்தளத்துத் தையல்காரர் மெஷினிலிருந்து தலையைத் தூக்கி, காலையில் நீ வேலைக்குப் போன கையோடு வண்டி வந்து இறங்கிவிட்டது, இனிப்பு எங்கே என்று கேட்டார். அவள் பல்லைக் காட்டி வைத்தாள். யார் வண்டி என்று அவள் கேட்கவே இல்லை. நேரே படியேறினாள்.

முன்பணம் யார் கொடுத்தது என்று இப்போது கேட்டாள். தங்கச்சி கொடுத்தாள் என்றான். அவன் தங்கையின் வீட்டுக்காரர் அந்த ஸ்கூட்டர் கடையில்தான் விற்பனையாளர். ஒரு வண்டி தள்ளிவிட்டால் அவருக்கும் ஏதோ தேறும். மீதித் தொகைக்குக் கடன் கம்பெனி ஆள் சாயங்காலம் வீட்டுக்கே வருகிறார், தங்கச்சியே கூட்டிக்கொண்டு வருகிறாள், அவர் காட்டுகிற இடத்தில் நீ கையெழுத்துப் போட்டால் நாளைக் காலையிலிருந்து ராணி மாதிரி போகலாம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

அவள் கையெழுத்துக்கு இத்தனை மவுசு வந்ததற்குக் காரணம், அவன் கையெழுத்துக்கு ஊரில் எந்தக் கம்பெனியும் கதவைத் திறக்காது என்பதுதான். சில வருஷங்களுக்கு முன் கண்ணாடி வெட்டும் வேலையை விட்டுவிட்டு ஜூஸ் கடை போட்டான். பிழியும் இயந்திரம், குளிர்பெட்டி, வாசலுக்கு விளக்குப் பலகை, எல்லாமே தவணையில் வந்தன. கல்லாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததைப் பார்த்து அக்கம்பக்கத்தார் முதலாளி என்று பெயர் வைத்தார்கள். வெயில் போய் மழை பிடித்ததும் கடை போயிற்று. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வசூலுக்கு வந்தவர்கள் முதலாளியைத் தேடவில்லை. சம்பளம் வாங்குகிறவள் எங்கே என்று விசாரித்து, அவள் வேலை பார்க்கும் சலவை ஆலையின் வாசலுக்கே வந்து நின்று, அவள் பெயரைத் தெருவே கேட்கக் கூப்பிட்டார்கள். சூடான இஸ்திரி உருளைக்குள் போர்வை ஓடிக்கொண்டிருக்கும்போது கையை எடுக்க முடியாது. அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மடித்தாள். எதிரே போர்வையின் மறுமுனையைப் பிடித்திருந்தவள் கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள், அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. ஓவர்டைம் பார்த்துப் பார்த்து ஒரு வழியாகக் கடைசித் தவணையைக் கட்டி முடித்தாள். கட்டிவிட்டு வந்த அன்று, இனிமேல் வாசலில் நின்று என் பேரை எவனும் கூப்பிடக் கூடாது என்று மட்டும் சொன்னாள். அவனும் தலையாட்டினான். மறுபடி கண்ணாடிக் கடைக்கே வேலைக்குப் போனான். கடை பக்கத்துத் தெருவில்தான், செருப்புத் தேயாத தூரம்.

அவளுக்குத்தான் தூரம். ஆலை ஊரின் மறுகோடியில் இருந்தது. பொழுது விடிவதற்குள் கொதிகலன் ஏறி ஆவி வந்துவிடும், ஆவி வந்தபின் வருகிறவளுக்கு வாசல் திறக்காது. இதுநாள்வரை முதல் பேருந்து அவளைச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிறகு ஆள் ஏறுவதில்லை என்று அந்தப் பேருந்தை நிறுத்திவிட்டார்கள். ஏறிக்கொண்டிருந்த ஆள் இவள், இப்போது நடுத்தெருவில்.

ஆட்டோவில் போய்ப் பார்த்தாள். ஆட்டோக்காரன் அவளுடைய ஒருநாள் சம்பளத்தில் பாதியை வாங்கிக்கொண்டு, சில்லறை இல்லை என்று மிச்சத்தையும் வைத்துக்கொண்டான். பக்கத்து வீட்டுச் சைக்கிளை இரவல் வாங்கி மேம்பாலத்தில் ஏறியவளை ஒரு லாரி உரசிக்கொண்டு போனது, முழங்கை பெயர்ந்ததோடு தப்பித்தாள். நடந்தும் பார்த்தாள். நடந்து போன அன்று நேரம் தப்பி ஆலை கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதாயிற்று. காவலாளி, இன்னொரு தடவை இப்படி நின்றால் பேரை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள் அக்கா என்றான். ஒவ்வொரு தடவை வீட்டுக்கு வந்து சொல்லும்போதும் கணவன் ஸ்கூட்டர் என்றான். தலைவலி என்றாலும் ஸ்கூட்டர், காய்ச்சல் என்றாலும் ஸ்கூட்டர்.

அப்போதுதான் அவளுக்குப் பின்வாசல் வண்டி கிடைத்தது.

அந்த ஆலையை நடுவில் ஒரு சுவர் இரண்டாகப் பிரிக்கிறது. பெரிய துவைக்கும் இயந்திரங்கள் எல்லாம் அந்தச் சுவரிலேயே பதித்தவை, இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு. மருத்துவமனைகளிலிருந்து வரும் அழுக்குத் துணி பின்வாசல் வழியாக வந்து, அந்தப் பக்கத்துக் கதவில் உள்ளே போகும். துவைத்து முடித்தபின் இந்தப் பக்கத்துக் கதவில் சுத்தமாக வெளியே வரும். துணி மட்டும்தான் சுவரைத் தாண்டலாம், ஆள் தாண்டக் கூடாது. கழிவறை வேறு, சாப்பாட்டு அறை வேறு. இரண்டு பக்கத்துப் பெண்களும் ஒருவரையொருவர் இயந்திரத்தின் வட்டக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறார்கள், அதுவும் நுரைக்கு நடுவே. இவள் சுத்தப் பக்கம். இஸ்திரி உருளையும் மடிப்பும் இவள் வேலை. மடிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது, அதனால் ஆலையில் இவளுக்கு மடிப்பு அக்கா என்றே பேர்.

அழுக்குத் துணி ஏற்றி வரும் வேன் இவள் தெருமுனைப் பெட்ரோல் பங்க் வழியாகத்தான் போகும். சுவருக்கு அந்தப் பக்கம் வேலை பார்க்கும் பெண்களையும் போகிற வழியில் ஏற்றிக்கொண்டு போவது ஓட்டுநரின் வேலையோடு சேர்ந்தது. அவர்கள் உட்கார ஓட்டுநருக்குப் பின்னால் ஒரு நீள இருக்கை, அதற்குப் பின்னால் தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் மூட்டைகள். ஓட்டுநரை எல்லோரும் பிரேக் என்று கூப்பிடுவார்கள், தேவையில்லாத இடத்தில் அதைத்தான் மிதிப்பார். ஒருநாள் விடியலில் அவள் பங்க் விளக்கின் கீழ் நின்று கையைக் காட்டினாள். பிரேக் நிறுத்தினார். சுத்தப் பக்கத்து ஆள் இதில் ஏறக் கூடாதே என்று இழுத்தார். உள்ளே இருந்த பெண்கள், சுத்தக்காரம்மா மேல ஒட்டிக்காம உக்காருங்கடி என்று சிரித்துக்கொண்டே இடம் விட்டார்கள்.

காசே இல்லாத பயணம். அவள் ஆலைக்கு முந்தின திருப்பத்தில் இறங்கி, சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்து, குழாயடியில் கைகாலை சோப்புப் போட்டுக் கழுவி, சீருடை மாற்றிக்கொண்டு உள்ளே போனாள். அந்த வேனில் உட்கார்ந்து வந்தவர்கள் தலைக்குக் குளிக்காமல் சுத்தத் துணியைத் தொடக் கூடாது என்பது விதி. அவளுக்குத் தெரியும். மூட்டை தடுப்புக்கு அந்தப் பக்கம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சந்தோஷம் தாங்காமல் ஒரே ஒருவரிடம் சொன்னாள். சாப்பிட உட்கார்ந்திருந்த கணவனிடம். முதலாளி, இனிமே உங்க ஸ்கூட்டருக்கு வேலையில்லை என்று சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தான். வயிறு சரியில்லையோ என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வண்டியைத்தான் இப்போது அவன் இழுத்தான்.

"கையெழுத்துப் போடாம நாளைக்கு எதுல போவே? பறந்தா போவே? அந்தப் பிண நாத்த வண்டியும் இன்னிக்கோட போச்சு."

அவள் பையைத் தோளிலிருந்து இறக்கிக் கட்டிலில் வைத்தாள்.

"என்ன போச்சுன்னீங்க?"

"வண்டிதான். பிடிச்சுட்டாங்கல்ல."

"பிடிச்சதை நான் இன்னும் உங்ககிட்ட சொல்லலையே."

அவன் சட்டைப்பையில் போனைத் தேடினான். பிறகு தங்கச்சி மத்தியானம் போன் பண்ணினாள் என்றான். அவன் தங்கையும் அதே ஆலையில், அதே சுத்தப் பக்கத்தில், மடித்த துணியைக் கட்டுக் கட்டும் வேலையில் இருந்தாள். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் இவள்தான்.

அன்று பகலில் நடந்ததை நினைத்தால் அவளுக்குக் காது சூடாயிற்று. சாப்பாட்டு மணி அடிக்கப் போகிற நேரத்தில் சூப்பர்வைசர் அம்மா உருளையை நிறுத்தச் சொன்னார். நிறுத்தவே நிறுத்தாத உருளை நின்றதும் கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மடிப்பு அக்கா காலையிலிருந்து தொட்ட அடுக்குகள் எவையெவை என்று கேட்டு, அத்தனையையும் தள்ளுவண்டியில் ஏற்றச் சொன்னார். அறுவைச் சிகிச்சை அறைக்குப் போக வேண்டிய பச்சைத் துணியும் அதில் இருந்தது. சுருக்கம் இல்லாமல் மடித்ததெல்லாம் அவள் கண்முன்னாலேயே கலைந்து, மறுபடி துவைக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் போயிற்று. உன் ஓசிப் பயணத்துக்கு நாங்கள் இருட்டும்வரை நிற்க வேண்டுமா என்று எதிரே உருளை பிடிப்பவள் கேட்டாள். இன்னொருத்தி அவள் தொட்ட மேசையைத் துடைத்தாள். நாத்தனார் மட்டும் கட்டுக் கட்டுகிற இடத்தில் குனிந்த தலை நிமிராமல் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சூப்பர்வைசர் அம்மா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். உள்ளே பேசியது வெளியே யாருக்கும் தெரியாது.

"உன் தங்கச்சி ஆலைக்குப் பக்கத்துலேயே குடியிருக்கா," என்றாள் அவள். கோபம் தலைக்கேறும்போது ஓரிரு வார்த்தைக்கு மட்டும் அவனை நீ என்றுவிடுவாள், பிறகு நீங்களுக்குத் திரும்பிவிடுவாள். "முன்வாசல் வழியா நடந்து வர்றவ. நான் எதுல வந்து எங்க எறங்கறேன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

"யாராவது சொல்லியிருப்பாங்க."

"நான் ஒருத்தர்கிட்டதான் சொன்னேன்."

"அந்த வேன்காரிங்க சொல்லியிருக்கலாம்."

"சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்க இந்தப் பக்கத்து ஆளோட பேசவே முடியாது. காலையில வண்டி இங்க வந்து எறங்கியாச்சு, மத்தியானம் அங்க என்னை எறக்கியாச்சு. ரெண்டையும் ஒரே நாள்ல வெச்சீங்களே, நல்ல நாள் பாத்தீங்களா?"

அவன் குரலை உயர்த்தினான். பெண்டாட்டி அழுக்கு மூட்டையோடு போவதைப் பார்த்துக்கொண்டு எந்த ஆம்பளை சும்மா இருப்பான், நோய் எதையாவது கொண்டுவந்து வீட்டில் வைத்தால் யார் பார்ப்பது என்று அடுக்கினான். நோய்க்குப் பயந்தவர் என்னிடம் சொல்லியிருக்கலாமே, எதற்கு என் சூப்பர்வைசருக்குச் சொல்லி அனுப்பினீர்கள் என்றாள். சொன்னால் நீ கேட்கிற ஆளா என்றான். கேட்காத ஆள்தான், அதனால் வேலைக்கே உலை வைத்துவிட்டீர்களா என்றாள். வேலை எங்கேயும் போகாது, இனிமேல் அந்த வண்டியில் ஏறாதே என்று எச்சரித்துவிட்டு விடுவார்கள், அவ்வளவுதான் என்று தங்கச்சி சொன்னாள் என்று உளறிவிட்டு, உளறியது உறைத்ததும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நாத்தனார் முதலில் வந்தாள். பின்னால் தவணைக்காரர், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, மார்போடு அணைத்த பை. மாடியேறிய களைப்பில் அவர் வாசலிலேயே நின்று, இது நல்ல காற்றோட்டமான வீடு என்றார்.  கணவன் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டான். தேநீர் போடு என்று மனைவியிடம் சொன்னான். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கடைசியில் அவனே அடுப்பைப் பற்றவைத்தான், சர்க்கரை எங்கே என்று தெரியாமல் டப்பாக்களைத் திறந்து திறந்து மூடினான்.

நாத்தனார் அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றாள். உயிருக்குப் போராடுகிறவர்கள் மேல் போர்த்துகிற துணி, அதில் போய் விளையாடலாமா, நான் சொல்லாவிட்டாலும் வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்றாள்.

"தப்புதான்," என்றாள் அவள். "துணியைத் திருப்பி அனுப்பினப்போ எனக்கே தெரிஞ்சுது. ஆனா நீ அந்தத் துணிக்காகச் சொல்லல. உன் வீட்டுக்காரர் இந்த மாசம் ஒரு வண்டி விக்கணும், அதுக்குச் சொன்னே."

"அண்ணி, வார்த்தையை அளந்து பேசுங்க. முன்பணம் என் கையிலேருந்து போட்டிருக்கேன். யாருக்காக? உங்களுக்காகத்தானே?"

"நான் கேட்டேனா?"

"அண்ணன் கேட்டாரு."

"அப்ப உங்க அண்ணனைப் பின்னாடி உக்கார வெச்சு நீ ஓட்டிட்டுப் போ."

தவணைக்காரர் இருமினார். குடும்பச் சண்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்குப் பழக்கம் போலிருந்தது. மாதத் தவணை மிகக் குறைவு, தேநீர் குடிக்கிற காசில் கட்டிவிடலாம், அக்காவின் பேரில் ஒரு பாக்கியும் கிடையாது, பார்த்துவிட்டேன், இப்படிப்பட்டவர்களுக்குக் கொடுப்பதென்றால் எங்கள் கம்பெனிக்கே சந்தோஷம் என்றார். சொல்லிக்கொண்டே தாள்களை எடுத்து முழங்காலில் பரப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னச் சின்னப் பெருக்கல் குறி போட்டார். கணவன் தேநீர்க் குவளையோடு வந்து அந்தக் குறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"ஒரு சம்பிரதாயத்துக்குக் கேட்டுக்கறேன் அக்கா," என்றார் தவணைக்காரர். "வேலை நிரந்தரம்தானே? மாசச் சம்பளம்?"

"இன்னிக்கு மத்தியானம் வரைக்கும்."

பென்சில் நின்றது. விளையாடாதே என்றான் கணவன். அவள் அவனைப் பார்க்கவில்லை, தவணைக்காரரிடமே சொன்னாள். சொன்னது இதுதான். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சூப்பர்வைசர் அம்மா முதலில் திட்டினார். பிறகு, உன் மடிப்புக்காக ஒரு தடவை விடுகிறேன், எச்சரிக்கைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ, இனி அந்த வேனில் ஏறினால் வேலை கிடையாது என்றார். அப்படியானால் நாளைக்கு நான் எப்படி வருவது என்று இவள் கேட்டாள். அது ஆலையின் கவலை இல்லை என்றார் அவர். அந்தப் பக்கத்துக்கு ஆள் வேண்டும் என்று பலகையில் எழுதியிருக்கிறதே என்று இவள் கேட்டாள். சூப்பர்வைசர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவளைப் பார்த்தார். புத்தி கித்தி பிசகிவிட்டதா என்றார். அந்தப் பக்கம் போனவர்கள் இந்தப் பக்கம் திரும்பி வந்ததில்லை, மூட்டை பிரிக்கும்போது ஊசி குத்தும், போர்வைக்குள்ளிருந்து என்னவெல்லாமோ வரும். எல்லாவற்றுக்கும் மேல் அங்கே யாரும் ஆலையின் ஆள் இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆள், அன்றன்றைய கூலி. நாளைக்கு ஒரு ஆத்திர அவசரத்துக்குச் சம்பளச் சீட்டுக் காட்டிக் கடன் வாங்கக்கூட முடியாது என்றார்.

"அதைக் கேட்டதும்தான் பேனாவை வாங்கினேன்," என்றாள் அவள். "இன்னிக்குப் போட வேண்டிய கையெழுத்தை அங்க போட்டுட்டு வந்துட்டேன் தம்பி. உங்களுக்குத்தான் வீண் அலைச்சல்."

தவணைக்காரர் இரண்டாம் முறை கேட்கவில்லை. தினக்கூலிக்கு எங்கள் கம்பெனியில் வழியில்லை என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தாள்களை அடுக்கினார். வேறு கம்பெனி என்று கணவன் ஆரம்பித்தான். எந்தக் கம்பெனியிலும் என்றார் அவர். தேநீரைத் தொடாமல் எழுந்து, படியில் இறங்கும்போது கைப்பிடிச் சுவரில் மோதிக்கொண்டார், அதற்கும் மன்னிப்புக் கேட்டார்.

அவர் போகும்வரை அடக்கி வைத்திருந்த நாத்தனார் இப்போது வெடித்தாள். நிரந்தர வேலையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பீத்துணி பிரிக்கப் போகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். நாலு பேர் கேட்டால் என் அண்ணி எங்கே வேலை பார்க்கிறாள் என்று என்னவென்று சொல்வேன் என்றாள். கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. ஆனால் அது யாருக்காக வந்தது என்று சொல்வது கஷ்டம்.

"அந்தக் கையோட என் வீட்டுப் பக்கம் வராதீங்க. என் பிள்ளைங்களைத் தொடாதீங்க."

"வரல," என்றாள் அவள். "சுவர்ல பதிச்ச மெஷினுக்கு ரெண்டு பக்கமும் கண்ணாடி இருக்கு. பிள்ளைங்க எப்படி இருக்குன்னு அதுலேயே சொல்லு, வாயசைவைப் பாத்துத் தெரிஞ்சுக்கறேன்."

நாத்தனார் அண்ணனிடம் திரும்பினாள். முன்பணத்தில் பாதிதான் கடையில் திருப்பித் தருவார்கள், மீதிப் பாதிக்கு நீதான் பொறுப்பு, அடுத்த கூலியில் வேண்டும் என்றாள். கூடப் பிறந்தவளே இப்படிக் கழுத்தில் துண்டு போடலாமா என்று அவன் கேட்டான். வண்டி வண்டி என்று என் வாசலில் வந்து நின்றது யார் என்று அவள் கேட்டாள். இரண்டு பேரும் மாறி மாறிக் கத்தியதில் அண்ணி என்று ஒருத்தி அங்கே நிற்பதே மறந்து போயிற்று. ஆணியில் மாட்டியிருந்த ஸ்கூட்டர் சாவியை நாத்தனார் வெடுக்கென்று எடுத்துக்கொண்டு இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் கீழே வண்டி கிளம்பும் சத்தமும், இருக்கை உறையைக் கிழித்துவிடாதீர்கள், திருப்பி எடுக்க மாட்டார்கள் என்று தையல்காரர் எச்சரிக்கும் குரலும் கேட்டன.

அவள் அலமாரியின் அடித்தட்டைத் திறந்து, போனால் போகட்டும் என்று விடக்கூடிய பழைய உடுப்பு ஒன்றைத் தேடி எடுத்தாள். அந்தப் பக்கம் தருகிற சீருடைக்கு உள்ளே போட. நாளையிலிருந்து கையில் வருவது குறையும். எவ்வளவு குறையும் என்று நடந்து வரும்போதே கணக்குப் போட்டுவிட்டாள், தவணை தின்னுகிற அளவுக்குக் குறையாது. ஊசியை நினைத்தால் மட்டும் உள்ளங்கை கூசியது. உடுப்பில் பொத்தான் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. நூல் கோத்து உட்கார்ந்தாள்.

கணவன் சன்னலோரம் போய்க் கீழே பார்த்தான். மாடிப்படிக்கு அடியில் இடம் காலியாகிவிட்டிருக்க வேண்டும். திரும்பி வந்து அவள் எதிரே நின்றான், ஆறிப் போன தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு. உனக்குத் திமிர் என்றான். வேண்டுமென்றே செய்திருக்கிறாய், என்னை அவமானப்படுத்துவதற்காகவே இத்தனை வருஷ வேலையை உதறியிருக்கிறாய் என்றான். அவள் ஊசியை இழுத்தாள். வாயில் என்ன கொழுக்கட்டையா என்றான். அவள் நூலைப் பல்லால் கடித்தாள்.

"என் பேரும் போச்சு, இப்ப உன் பேரையும் நீயே கெடுத்துட்டு வந்து நிக்கறே. இனிமே இந்த வீட்டை நம்பி எவனும் சல்லிக்காசு கடன் குடுக்க மாட்டான், புரியுதா உனக்கு?"